டோன் வேறு, தொனி வேறு

ஒரு சுரத்தை ஆதாரமாகக் கொண்ட மேலை இசைக்குப் பெயரான ‘டோனல் மியூசிக்’ (tonal music) என்பதைத் ‘தொனி இசை’ என்று எழுதுவதை அவ்வப்போது பார்க்கிறேன். காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் வந்த வினை. டோனும் தொனியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல.

தொனி, வடமொழி ‘த்வனி’யின் தமிழ் வடிவம்; ஒலித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. டோனுக்கு மூலம் கிரேக்க ‘டோனோஸ்’. அதன் முதற்பொருள் ஒலியே இல்லை: இழுத்தல், முறுக்கு. வீணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிருடையைத் திருகத் திருகத் தந்தி விறைக்கும், சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அப்படித்தான் முறுக்கைக் குறித்த சொல் சுரத்தின் உயரத்துக்கும் பெயராயிற்று. கிரேக்க வேருக்கு வடமொழியில் உடன்பிறப்பு ‘தன்’, அதாவது நீட்டுதல். அதிலிருந்து ‘தந்த்ரீ’, அதிலிருந்து நம் தந்தி. ஆக, டோனுக்கு நம்மிடம் இருக்கும் சொந்தம் தொனி அல்ல, தந்தி! தளர்ந்த உடம்பை முறுக்கேற்ற மருந்துக்கடையில் வாங்கும் டானிக்கும் இதே குடும்பம்தான். மேலை இசையில் ஆதார சுரத்தின் பெயரும் டானிக்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், ‘டோனல்’ என்ற ஒரே சொல் மொழியியலிலும் இசையிலும் வேறுவேறு வேலை பார்ப்பது. சீன மாண்டரினில் ‘மா’வைச் சமமாக நீட்டினால் அம்மா, இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுதல். சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். தமிழில் ‘வந்தான்’ என்பதை ஏற்றிச் சொன்னால் கேள்வியாகலாம், சொல் அதேதான். மாண்டரின் போன்றவற்றைத் தொனிமொழி என்பதில் எனக்குத் தகராறு இல்லை.

இசையில் ‘டோனல்’ என்றால், எல்லாச் சுரங்களும் ஒரு சுரத்தை வீடாகக் கொண்டு அலைவது. ‘டோனாலிட்டே’ என்ற பிரெஞ்சுச் சொல்லை 1810-இல் இசையறிஞர் ஷோரோன் பயன்படுத்தினார்; பிறகு இன்னோர் இசையறிஞர் ஃபேட்டிஸ் அதைக் கோட்பாடாக விரித்தார். இதைப் புரிந்துகொள்ளும் காது எப்படி வேலை செய்கிறது? ச ரி க ம ப த நி என்று பாடி நிறுத்திப் பாருங்கள். சங்கீதம் படிக்காத பிள்ளையும் மேல் ச-வைத் தானே போட்டு முடிக்கும். ‘கடைக்குப் போய், அரிசி வாங்கி, வழியில் அத்தையைப் பார்த்து…’ என்று நிறுத்தினாலும் இதே தவிப்பு. எச்சம் எத்தனை அடுக்கினாலும் முற்று வரும்வரை தமிழ்க் காது காத்திருக்கும். நி எச்சம், ச முற்று. 1973-இல் ஹார்வர்ட் உரைகளில் அமெரிக்க இசையமைப்பாளர் பெர்ன்ஸ்டைன், மொழியியலாளர் சாம்ஸ்கியின் இலக்கணக் கோட்பாட்டை இசைக்குப் பொருத்திப் பார்த்தார். அவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமா என்று எனக்கு ஐயம் உண்டு. எச்சமும் முற்றும் மட்டும் நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் சுரத்துக்கு அகராதிப் பொருள் கிடையாது, ‘அரிசி’க்கு உண்டு. உவமை அங்கே நின்றுவிடுகிறது.

மொழிக்கும் இசைக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதைத் தொல்காப்பியரும் யோசித்திருக்கிறார். எழுத்துகள் தம் அளவைத் தாண்டி நீள்வதை ‘நரம்பின் மறைய’, அதாவது யாழ் பற்றிய இசைநூலைச் சேர்ந்தவை என்று, இசையின் பக்கம் தள்ளிவிட்டார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? பழந்தமிழ் ஏழிசையில் முதலாவது குரல். பின்பு துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் என்பது பேசும் குரலும்தான். அழகான சொல், ஆனால் தனியே விட்டால் பாடகரின் குரல் என்றே படிப்பார்கள். எனவே டானிக்கை நிலைக்குரல் என்பேன். டோனல் இசை, நிலைக்குரல் இசை. கச்சேரி மேடையில் இதை யாரும் சொல்லப்போவதில்லை. அங்கே ‘ஆதார சட்ஜம்’ போதும்.

‘அடோனல்’ என்பதற்கு நிலைக்குரலற்ற இசை. அந்த முத்திரை குத்தப்பட்ட இசையமைப்பாளர் ஷோன்பெர்குக்கே அந்தச் சொல் பிடிக்கவில்லை. சுரமே இல்லாத இசை என்றல்லவா அதற்குப் பொருளாகிறது என்று சண்டை போட்டார். தமிழ்ச் சொல்லில் அந்தச் சிக்கல் இல்லை.