மக்காச்சோள நிழலில் சோயா: ரகம் முக்கியமா, இடைவெளி முக்கியமா?

மக்காச்சோளத்தில் சோயா மொச்சையை ஊடுபயிராகப் போட நினைப்பவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: எந்த ரகம் நல்லது? எவ்வளவு இடைவெளி விடலாம்? தனித்தனியாகக் கேட்டால் இரண்டுக்குமே சரியான பதில் கிடைக்காது. இந்த ரகத்துக்கு இந்த இடைவெளி என்று சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

ஏன் என்று புரிய, மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்த வயலில் ஒரு சோயாச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். தனிப்பயிரில் நிற்கும் செடியைவிட உயரமாக இருக்கும். பரவாயில்லை, நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது என்று தோன்றும். தண்டை விரலால் உருட்டினால் அந்த எண்ணம் போய்விடும். தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு நீண்டு, அடிக்கணுக்களில் கிளைகளே இல்லாமல் இருக்கும்.

பச்சை இலை, வெயிலில் உள்ள சிவப்பு ஒளியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். அதற்குச் சற்று அப்பால், சுமார் 730 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள தொலைசிவப்பு ஒளியை ஊடுருவ விடும் அல்லது திருப்பி அனுப்பும். வெட்டவெளியில் இவை இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். பக்கத்தில் பயிர் வளர வளரத் தொலைசிவப்பின் கை ஓங்கும். இந்த மாற்றத்தைப் பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் உணர்கிறது. நிழல் மேலே விழும் முன்பே, அடுத்த செடியிலிருந்து தெறித்து வரும் ஒளியைக் கொண்டே சோயா உஷாராகிவிடும். கிளைக்கும் வேருக்கும் போக வேண்டிய உணவைத் தண்டின் உயரத்தில் செலவழிக்கும். புல்லோடு போட்டி என்றால் இது பலிக்கும். இரண்டு மீட்டர் உயரும் மக்காச்சோளத்தோடு எங்கே பலிக்கப்போகிறது? ஒரு காற்றுக்குச் சாய்வதுதான் மிச்சம்.

காய்பிடிக்கும் சமயத்தில் நிழல் அடர்ந்தால் நஷ்டம் இன்னும் அதிகம். சோயா சாதாரணமாகவே பூக்களில் பெரும்பகுதியை உதிர்க்கும் பயிர். வெளிச்சம் குறைந்தால் பூவோடு பிஞ்சும் உதிரும், பொக்குக் காய்கள் கூடும். இலை தரும் சர்க்கரையில் வாழ்ந்து, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுப் பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கும். சோயா தழைச்சத்தை மக்காச்சோளத்துக்கு ஊட்டுகிறது என்று பலர் சொல்வதும் மிகை. அதே பருவத்தில் நேரடியாகக் கைமாறுவது பெரும்பாலும் கொஞ்சம்தான். சோயா காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் மண்ணில் உள்ளது மக்காச்சோளத்துக்கு மிஞ்சுகிறது, அவ்வளவே.

இனி இடைவெளிக்கு வருவோம். தனிப்பயிரில் சோயா நம் தவறைப் பொறுத்துக்கொள்ளும். இடைவெளி அதிகம் விட்டு விதைத்தால் கிளைத்து இடத்தை நிரப்பிவிடும். நிழலில் அந்தச் சாமர்த்தியம் குறைந்துபோகிறது. இடைவெளியைக் கூட்டினால் நிரப்பக் கிளை இல்லை, களைக்குத்தான் கொண்டாட்டம். குறைத்தாலோ, மக்காச்சோள நிழலோடு தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் நிழலும் சேர்ந்து செடிகள் இன்னும் நீளும்.

அதனால் சோயாவுக்குச் சோயா எவ்வளவு என்பதைவிட, மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் நடுவே எவ்வளவு என்பதுதான் பெரிய விஷயம் என்பேன். சீனாவின் சிச்சுவான் பகுதியில் பழக்கத்தில் உள்ள பட்டை முறை இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சமாளிக்கிறது. இரண்டு மக்காச்சோள வரிசைகளை 40 செ.மீ. இடைவெளியில் சேர்த்து வைத்து, அடுத்த ஜோடிக்கு முன் 160 செ.மீ. விட்டு, அந்த இடத்தில் சோயா வரிசைகளைப் போடுகிறார்கள். வரிசைக்குள் மக்காச்சோளத்தை நெருக்கி நடுவதால் செடிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. இப்படிப்பட்ட பட்டையிலும் மக்காச்சோளத்தை ஒட்டிய ஓர வரிசைச் செடிகள்தான் அதிகம் நீளும். நடு வரிசை ஓரளவு தப்பிக்கும்.

ரகம் இங்கேதான் நுழைகிறது. நிழலிலும் தண்டு பருத்து, குட்டையாக நிற்கும் ரகம் ஓர வரிசையைத் தாங்கும். அதிகம் கிளைக்காமல் நிமிர்ந்து வளரும் ரகத்தை நெருக்கி விதைக்கலாம், கிளைத்துப் படரும் ரகத்துக்கு அது ஆகாது. தனிப்பயிரில் முதலிடம் பிடித்த ரகம் ஊடுபயிரிலும் முதலிடம் பிடிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

வயதும் பார்க்க வேண்டும். சோயா, பகல் குறுகினால் பூக்கும் பயிர். அமெரிக்க ஆய்வாளர்கள் கார்னரும் அல்லார்டும் 1920-இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு நாட்களில் விதைத்த பிலாக்சி ரகச் சோயா ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்தது. ஆகவே ஓரிடத்தில் பிந்தி முதிரும் ரகம், நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, கோடைப் பகல் குறுகுவதால், முந்திக்கொள்ளும். ஒரே நாளில் இரண்டையும் விதைத்தால், குறுகிய வயது ரகம் காய்பிடிக்கும் நாட்கள் மக்காச்சோளம் முழு உயரத்தில் நிற்கும் நாட்களோடு மோதக்கூடும். நீண்ட வயது ரகத்துக்கு, மக்காச்சோளத்தை அறுத்த பிறகாவது வெயில் கிடைக்கும்.

கடைசியாக, லாபக் கணக்கு. மக்காச்சோளம் தன் தனிப்பயிர் மகசூலில் 90 சதவீதமும் சோயா 45 சதவீதமும் தந்தால், கூட்டுத்தொகை 1.35. அதே அளவு விளைவிக்கத் தனித்தனியாக 35 சதவீதம் கூடுதல் நிலம் வேண்டும் என்று பொருள். இப்படி ஓர் எண்ணைக் காட்டினால், ஒப்பீட்டுக்கு வைத்த தனிப்பயிர்ச் சோயா எந்த ரகம், எந்த இடைவெளி என்று கேளுங்கள். அது பொருந்தாத இடைவெளியில் நின்று குறைவாக விளைந்திருந்தால், ஊடுபயிரின் மதிப்பெண் தானாகவே ஏறிவிடும்.