எஸ்ஜிபிடி ஏறுனா லிவர்தானா? சிபிகே யாரு பாக்குறது?

மறுபடியும் ஒரு பையன், தசை நோயை லிவர் நோய்னு நெனச்ச கேஸ். ஆறு வயசு, அடிக்கடி விழுறான், மாடிப்படி ஏற கைப்பிடி வேணும், எஸ்ஜிபிடி (லிவர் டெஸ்ட்ல பாக்குற ஒரு என்சைம்) முந்நூறுக்கு மேல. ஒரு வருஷமா லிவர் சிரப், பத்தியம், கீழாநெல்லி, கடைசியில லிவர்ல துண்டு எடுத்துப் பாக்குற பயாப்சி வரைக்கும் பேச்சு போயிருக்கு. சிபிகே (தசை சிதைஞ்சா ரத்தத்துல ஏறுற என்சைம்) டெஸ்ட் மட்டும் யாருமே எழுதல. நாங்க பாத்தப்ப பதினெட்டாயிரம். இருநூறு சொச்சத்துக்குள்ள இருக்க வேண்டியது.

எத்தனை தடவ சொல்றதுன்னு தெரியல. எஸ்ஜிபிடி லிவருக்கு மட்டும் சொந்தமில்லங்க, தசையிலயும் இருக்கு, தசை சிதைஞ்சா அதுவும் ரத்தத்துலதான் வந்து கலக்கும். கண்ணு மஞ்சளா இல்ல, பிலிருபின், ஜிஜிடின்னு மத்த லிவர் டெஸ்டும் நார்மல், ஸ்கேன்லயும் லிவர் நல்லாருக்கு, அப்புறமும் "லிவர் கொஞ்சம் வீக்"னு சிரப்பை மாத்தி மாத்தி எழுதுனா என்ன அர்த்தம்? லிவர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஒரு சிபிகே பாருங்க டாக்டர்களே. கெண்டைக்கால் கொழுகொழுன்னு இருக்குன்னு பாட்டி சந்தோஷப்படுற பையனை தரையில உக்காரவச்சு எழுந்திரிக்க சொல்லுங்க. தொடையில கை ஊன்றி ஊன்றி எழுந்தான்னா அதுதான் கவர்ஸ் சைன், தசை பலவீனத்தோட அடையாளம், அதுக்கு மெஷினும் வேணாம் ஸ்பெஷலிஸ்டும் வேணாம்.

நோய் பேரு டுஷேன் தசைச்சிதைவு, சுருக்கமா டிஎம்டி, ஜீன் குறையால தசை கொஞ்சம் கொஞ்சமா சிதையுற நோய். பெரும்பாலும் ஆம்பளப் பசங்களுக்குத்தான் வரும்.

அடுத்து ஜீன் டெஸ்ட். "முழுசா குணமாக்க மருந்தே இல்லையாம், டெஸ்ட் எதுக்கு"ன்னு கேக்குறாங்க. இந்த நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோபின் ஜீன்ல 79 எக்ஸான், அதாவது 79 துண்டு, அதுல எது போயிருக்குன்னு தெரிஞ்சாதான் எந்த ட்ரையல் (புது மருந்தை நோயாளிகள்கிட்ட சோதிக்கிற ஆய்வு) பொருந்தும்னே பாக்க முடியும். 51ஆவது எக்ஸானை தாண்டவைக்கிற எடிப்லிர்சென்ங்கிற மருந்து 2016ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு (பலன் எவ்வளவுன்னு எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல), அது பொருந்துறதே நூத்துல சுமார் 13 பேருக்குத்தான். அப்படிப்பட்ட பசங்களை ஒரு ஆஸ்பத்திரி தனியா எங்க போய் தேடும்? அதனாலதான் 2007ல ஐரோப்பாவுல டிரீட்-என்எம்டின்னு தசை, நரம்பு நோய்களுக்கான ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு பல நாட்டு ரெஜிஸ்ட்ரிகள் (நோயாளிகள் பதிவேடு) அதுல சேர்ந்திருக்கு, எல்லாரும் ஒரே மாதிரி தகவல் சேர்த்தாதான் சென்னைப் பையனையும் லண்டன் பையனையும் ஒப்பிட்டுப் பாக்கவே முடியும். நிறைய ட்ரையல்ல, இன்னும் நடக்க முடியுற பசங்களைத்தான் எடுக்குறாங்க, நம்ம பையன் லிவர் சிரப் குடிச்சு முடிச்சு வர்றப்ப அந்த வயசு போயிடுது. எரிச்சல் வருமா வராதா?

சிபிகே, ஜீன் ரிப்போர்ட் ரெண்டையும் பத்திரமா வைங்க, போட்டோ எடுத்தும் வைங்க. ரெஜிஸ்ட்ரியில பேர் பதியச் சொல்லி உங்க டாக்டரை விடாம கேளுங்க. அடுத்த குழந்தைக்கு முன்னாடி அம்மாவுக்கும் டெஸ்ட் எடுங்க, ஆனா அதை வச்சு அவங்களை திட்டாதீங்க மாமியாருங்களே, சுமார் மூணுல ஒரு கேஸ்ல அம்மாகிட்ட அந்த ஜீன் குறையே கிடையாது, குழந்தைக்கு புதுசா வந்தது. டிஎம்டிக்கு டாக்டர் குடுக்குற ஸ்டீராய்டை நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, உயிருக்கே ஆபத்து. எந்த ஆபரேஷனா இருந்தாலும் மயக்க டாக்டர்கிட்ட டிஎம்டின்னு முதல்லயே சொல்லிடுங்க, மயக்கம் குடுக்குறப்ப தசையை தளர்த்தப் போடுற சக்சினைல்கோலின் இவங்களுக்கு போடவே கூடாது. இதயமும் தசைதான், அதனால மூச்சு வாங்கலைன்னாலும் வருஷா வருஷம் எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்க.

அப்புறம் ஸ்டெம்செல் சிகிச்சை. டிஎம்டிக்கு அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி முறையான ட்ரையலுக்கு வெளிய குடுக்கவே கூடாது. ட்ரையல்ல சேர்றவங்ககிட்ட காசு வாங்க மாட்டாங்க. "இதுவும் ரிசர்ச்தான், ஒரு சிட்டிங்குக்கு இவ்வளவு லட்சம்"னு யாராவது ஆரம்பிச்சா, நகையை அடகு வைக்காம தயவுசெஞ்சு எழுந்து வந்துடுங்க.