திரில்லர்: துளைக்கும் சொல்லும் அதற்கு ஈடான தமிழும்

நூலகத்தில் நான் இரவல் வாங்கிய 'தி டே ஆஃப் தி ஜேக்கால்' நாவலின் கடைசிப் பக்கத்தில், எனக்கு முன் படித்த இருவர் பென்சிலால் தம் கருத்தைப் பதிந்து வைத்திருந்தார்கள். முடிவு முன்பே தெரிந்திருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை என்றார் ஒருவர். முன்பகுதி வெறும் இழுவை, மர்மம் என்று ஒன்றுமே இல்லை, இதை எப்படித் திரில்லர் என்கிறார்கள் என்று அதன் கீழேயே கேட்டிருந்தார் மற்றவர். பொதுப் புத்தகத்தில் கிறுக்குவது குற்றந்தான். ஆனாலும் இரண்டாமவரின் கேள்விக்கு அந்தச் சொல்லின் பிறப்பிலேயே விடை இருக்கிறது.

திரில் என்னும் ஆங்கில வினையின் பழைய வடிவம் 'திர்ல்', பொருள், துளையிடுதல். பழைய ஆங்கிலத்தில் துளைக்கு 'தைரெல்' என்று பெயர். ஊடாக என்று பொருள்படும் சொல்லிலிருந்து அது கிளைத்தது. மூக்குத் துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்னும் சொல்லின் பின்பாதியும் இதே துளைதான். திர்ல் என்பது திரில் ஆனது எழுத்துகள் இடம் மாறியதால். நம்மிடத்தில் வண்டைக் குறிக்கும் மிஞிறு ஞிமிறு ஆனதும், தசை சதை ஆனதும் இப்படித்தான். ஈட்டியும் ஊசியும் உடலைத் துளைப்பதைச் சொன்ன அந்த வினை, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வாக்கில் உணர்ச்சி உள்ளத்தைத் துளைப்பதற்கும் ஆகி வந்தது. படிப்பவரையோ பார்ப்பவரையோ அப்படித் துளைக்கும் கதையையும் நாடகத்தையும் திரில்லர் என்று அழைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது.

ஆகவே திரில்லர் என்னும் பெயர் கதைக்குள் இருக்கும் பொருளைப் பற்றியதன்று. படிப்பவர் உடலில் நிகழ்வதைப் பற்றியது. துப்பறியும் நாவல் என்றால் உள்ளே துப்பறிபவர் ஒருவர் இருக்க வேண்டும். மர்ம நாவல் என்றால் மறைக்கப்பட்ட ஒன்று இருக்க வேண்டும். திரில்லருக்கோ அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 1971இல் வெளிவந்த ஜேக்கால் நாவலே இதற்குத் தக்க சான்று. அல்ஜீரிய விடுதலையை எதிர்த்த ஓ.ஏ.எஸ். என்னும் ரகசியப் படை, பிரெஞ்சு அதிபர் தெ கோலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்துகிறது. அவனைப் பிடிக்கும் பொறுப்பு லெபெல் என்னும் காவல் அதிகாரியிடம் வருகிறது. தெ கோல் 1970இல் தம் வீட்டில் இயற்கையாக இறந்தவர் என்பதை முதல் வாசகர்களே அறிந்திருந்தார்கள். கொல்ல வருபவன் யார், யாரைக் கொல்லப் போகிறான் என்பதிலும் ஒளிவு இல்லை. இறந்துபோன குழந்தையின் பெயரில் கடவுச்சீட்டு வாங்குவது, காட்டு மரத்தில் முலாம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டுத் துப்பாக்கியைச் சரிபார்ப்பது என்று ஆசிரியர் வேலையை மட்டும் நிதானமாகக் காட்டிக்கொண்டே போக, அந்த நிதானமே நம்மைக் குடைகிறது. நம் பென்சில் வாசகர் மர்மத்தைத் தேடிப் போனார். கிடைக்கவில்லை என்பதற்காக இழுவை என்றார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மர்மம் என்னும் வடசொல்லும் உடலிலிருந்து வந்ததே. அடிபட்டால் உயிர் போகும் இடத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். மறைபொருள் என்பது பின்னால் ஏறியது. ஆக மர்மம் துளைபடும் இடம். திரில் துளைக்கும் செயல்.

தமிழில் ஈடான சொல்லாகத் திகில் நாவல் என்பதைச் சிலர் ஆள்கிறார்கள். பேய்க்கதை அந்தச் சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. பரபரப்பு என்பது செய்தித்தாள் தலைப்புகளில் தேய்ந்துபோன சொல். சிலிர்ப்பு நெருங்கி வருகிறது. ஆனால் இசைக்கும் பக்திக்கும் காதலுக்கும்கூட நாம் சிலிர்க்கிறோம்.

என் தேர்வு விறுவிறுப்பு. சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டால், காயும்போது தோல் விறுவிறுவென்று இழுக்கும். தேள் கொட்டினால் நஞ்சு விறுவிறுவென்று ஏறுகிறது என்போம். அவசரமாகப் போகிறவர் விறுவிறுவென்று நடக்கிறார். தோலில் படும் உணர்வும் விரைவும் ஒரே இரட்டைக்கிளவியில் கூடியிருக்கின்றன. நாவலைப் படித்து முடித்த தமிழர் வாயில் தானாக வருவதும் இந்தச் சொல்தான்: 'நல்ல விறுவிறுப்பு', அல்லது 'விறுவிறுப்புப் போதவில்லை'. விறுவிறுப்புப் புதினம் என்று எழுதினால் நாக்கு தடுக்குகிறது. விறுவிறுப்பு நாவல் என்பதே போதும். தனித்தமிழ் அன்பர்கள் நாவலுக்காக என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, அரசியல் விறுவிறுப்பு நாவல் என்னும் உட்பிரிவுக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய் போன்றவை), விலங்கு, கள்வர், இறை. திகில் கதைக்கு அணங்கு போதும். ஜேக்கால்போல் பயங்கரவாத எதிர்ப்பைச் சொல்லும் அரசியல் நாவலுக்கோ கள்வர், இறை என்னும் கடைசி இரண்டும் சேர்ந்து வேண்டும். இறை என்பது அரசன் உள்ளிட்ட மேலோரைக் குறிக்கும். ஜேக்கால் நாவலில் கொலையாளியிடம் மட்டுமா நமக்கு அச்சம்? ஓ.ஏ.எஸ். தலைவரின் மெய்க்காவலனைக் கடத்திவந்து வதைத்து உண்மையைக் கறக்கும் அரசின் ரகசியப் பிரிவைப் படிக்கும்போதும் அதே துளைப்புத்தான். கொலையாளியால் வரும் கள்வர் வகை அச்சத்தை மட்டும் தரும் நாவலை அரசியல் என்னும் அடைமொழியோடு அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடைமொழியில் இன்னொரு கவனமும் தேவை. பலர் 'தீவிரவாத எதிர்ப்பு நாவல்' என்று எழுதுகிறார்கள். 1907இல் சூரத் காங்கிரஸ் பிளந்தபோது, திலகரோடு நின்ற வ.உ.சி.யும் பாரதியும் மிதவாதிகளுக்கு எதிரான தீவிரவாதிகள் என்றே அறியப்பட்டார்கள். அந்தச் சொல் கொள்கையின் சூட்டைக் குறிப்பது. மக்களை அஞ்சவைத்து அரசியல் நோக்கத்தை எட்டும் வன்முறைக்குப் பயங்கரவாதம் என்பதே பொருந்தும். இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றே தமிழில் வழங்குகிறோம். ஆகவே ஜேக்கால் போன்றதொரு நூலைப் பயங்கரவாத எதிர்ப்பு அரசியல் விறுவிறுப்பு நாவல் என்று முழுப் பெயரிட்டுச் சொல்லலாம். நீளம்தான், நூலக அலமாரியில் ஒட்டும் சீட்டுக்கு 'அரசியல் விறுவிறுப்பு' என்ற இரண்டு சொல் போதும்.