உறுதிமொழி சொல்லாத பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்க முடியுமா?

முடியாது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் டி.சி.யைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் வருகிறார்கள். அதற்குமுன் யாராவது ஒருவர் அவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இன்றும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்.

காலை வணக்கக் கூட்டத்தில் கையை நீட்டி, “இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்” என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்தத் தேசிய உறுதிமொழியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம் எதுவும் கிடையாது. சொல்லாமல் அமைதியாக, மரியாதையாக நின்ற பிள்ளையை நீக்கவோ, அடிக்கவோ, வெயிலில் நிறுத்தவோ எந்தத் தலைமையாசிரியருக்கும் அதிகாரமில்லை.

வரலாறு சுருக்கமாக. இதை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். நல்கொண்டா மாவட்டத்துக்காரர். 1962-ல் விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அலுவலராக இருந்தபோது தெலுங்கில் எழுதினார். அரசியல் தலைவர் தென்னேட்டி விஸ்வநாதம் மூலமாக அது ஆந்திரக் கல்வி அமைச்சர் பி.வி.ஜி. ராஜுவிடம் போனது. 1963-ல் விசாகப்பட்டினத்துப் பள்ளியில் சொல்லத் தொடங்கினார்கள். 1964-ல் மத்தியக் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமையில் பெங்களூரில் நடந்த கூட்டத்தில் நாடு முழுவதும் கொண்டுபோக முடிவாகி, 1965 ஜனவரி 26 முதல் எல்லா மொழிகளிலும் பள்ளிகளுக்கு வந்தது. நம் பாடநூலின் முன்பக்கத்தில் நான் படித்த காலத்தில் அவர் பெயர் இல்லை. கருவூலத்தில் மற்றவர்களின் கணக்கையெல்லாம் பார்த்த மனிதரின் பெயரை ஒரு வரி அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை. நமக்குத் தேவையான செய்தி இதில் ஒன்றுதான்: ஒரு கூட்டத்தின் முடிவாகவும், அதன்பின் துறைச் சுற்றறிக்கையாகவும் வந்ததே தவிர, உறுதிமொழி சட்டமாக வரவில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, தேசிய கீதம் பாடாமல் எழுந்து நின்றார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அவர்கள் அவமரியாதை எதுவும் செய்யவில்லை, ஒழுங்கான பிள்ளைகள் என்று விசாரணை ஆணையமே அறிக்கை கொடுத்தது. இருந்தும் கல்வி அதிகாரி சொன்னார் என்று 1985 ஜூலை 26 அன்று மூவரையும் நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். கடைசியில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, நீதிபதி எம்.எம். தத் அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பேச்சுரிமையில் பேசாமலிருக்கும் உரிமையும் அடங்கும், அதைச் சட்டம் மட்டுமே கட்டுப்படுத்தலாம், துறைச் சுற்றறிக்கை போதாது என்பது தீர்ப்பின் சாரம். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என்பது வழக்கின் பெயர். மனுவில் எழுத வேண்டிய பெயர் இது.

தேசிய கீதத்துக்கே இந்த நிலை என்றால் உறுதிமொழிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு கடமைகளாகக் கொடியையும் கீதத்தையும் சொல்கிறது, உறுதிமொழியைச் சொல்லவில்லை. தேசிய மரியாதைக்கு இழிவு ஏற்படுத்துவதைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உறுதிமொழி இல்லை. “போலீசில் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டினால் எந்தப் பிரிவில் என்று அமைதியாகக் கேளுங்கள். பதில் வராது.

இதுவரை சொன்னது ஏட்டில் உள்ளது. பள்ளியில் நடப்பது வேறு, அதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் எந்தப் பள்ளியும் ‘நீக்குகிறோம்’ என்று எழுதிக் கொடுப்பதில்லை. அப்படி எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். பிள்ளையை நிற்க வைத்துக்கொண்டே பேசுவார்கள். “நாட்டுப் பற்று இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள். நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நல்லபடியாக டி.சி. தருகிறோம்” என்பார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த அம்மா பயந்துபோய் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தக் கடிதத்தில் “குடும்பச் சூழ்நிலை காரணமாக” என்று ஒரு வரி இருக்கும். அதோடு வழக்கு முடிந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும், “நீங்களே கேட்டுத்தானே வாங்கியிருக்கிறீர்கள்” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

எனவே டி.சி. கேட்டு நீங்களாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். வாய்மொழியாக நாலு பேர் முன்னால் திட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். “நீக்குவதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்” என்ற ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பாதிப் பள்ளிகள் இதிலேயே பின்வாங்கிவிடும்.

இன்னொரு காகிதமும் நீட்டுவார்கள். ‘இனிமேல் என் மகன் உறுதிமொழி சொல்வான், தவறினால் பள்ளி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்’ என்று தட்டச்சு செய்த தாள். அதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சேர்க்கை விண்ணப்பத்திலேயே பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று கேட்டால் கலங்க வேண்டாம். அடிப்படை உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்பது நம் நாட்டில் நிலைத்த சட்டம்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. அந்த மூன்று பிள்ளைகளும் ஜெயித்ததற்குக் காரணம் அவர்கள் எழுந்து மரியாதையாக நின்றதுதான். உட்கார்ந்துகொள்வது, பக்கத்தில் இருப்பவனோடு பேசுவது, சிரிப்பது, வரிசையை விட்டுப் போவது, இதில் எதைச் செய்தாலும் பேச்சு திசைமாறி ஒழுங்கீனப் புகாராகிவிடும். நேராக நிற்கட்டும், வாய் திறக்க வேண்டாம், அது போதும்.

இனி எந்தச் சட்டம் எந்தப் பிள்ளைக்கு என்பது. இங்கேதான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை, எட்டாம் வகுப்புவரை. அதன் 16-ஆவது பிரிவு பிள்ளையை நீக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறினால் ஆசிரியர் மேல் பணிவிதிப்படி நடவடிக்கை. வெயிலில் முட்டி போட வைப்பது மட்டும் தண்டனை என்று நினைக்காதீர்கள். திக்குவாய் உள்ள பிள்ளையை மைக் முன்னால் நிறுத்திச் சொல்லச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பதும், தமிழ் இன்னும் வராத பீகார்ப் பிள்ளையை, ஒடிசாப் பிள்ளையை அப்படி நிறுத்துவதும் இந்தப் பிரிவுக்குள்தான் வரும். மத நம்பிக்கைக்காகச் சொல்லாத பிள்ளைகளைவிட இப்படி அவமானப்படுகிற பிள்ளைகள் அதிகம். யாரும் புகார் கொடுப்பதில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு மேலே படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சட்டத்தைக் காட்டினால், “இது எட்டாவது வரைக்கும்தான்” என்று மனுவைத் திருப்பிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு 1986 தீர்ப்பைக் காட்டுங்கள். அதில் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் இருந்தார்கள்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் இன்னும் கவனம். கல்வி உரிமைச் சட்டம் அந்தப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கேயும் 1986 தீர்ப்பைத்தான் முன்னால் வைக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியானால் கல்வித் துறை தட்டிக்கழிக்க முடியாது.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வளரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களும் தினமும் “இந்தியா எனது நாடு” என்று சொல்கிறார்கள், மனதாரச் சொல்கிறார்கள். பள்ளியில் சொல்வதாலோ, டி.சி.யில் தேசிய இனம் என்ற இடத்தில் வழக்கப்படி ‘இந்தியன்’ என்று எழுதியிருப்பதாலோ குடியுரிமை வராது. இதை நம்பி வேறு விண்ணப்பம் எதுவும் போடாமல் இருந்துவிடாதீர்கள். முகாம் அட்டையோடு ஒத்துப்போகாத பதிவு பின்னால் கல்லூரிச் சேர்க்கையில் கேள்வியாகும், இப்போதே சரிபாருங்கள். உரிமை என்று பார்த்தால், அரசியலமைப்பில் பேச்சுரிமை தரும் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும். மத சுதந்திரம் தரும் 25-ஆவது பிரிவு எல்லா மனிதருக்கும். கல்வி உரிமைச் சட்டமும் குடிமகனா என்று கேட்பதில்லை. எனவே முகாம் பிள்ளைக்கு மனு எழுதும்போது 25-ஆவது பிரிவையும் கல்வி உரிமைச் சட்டத்தையும் எழுதுங்கள், 19-ஐ எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அலைச்சல். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை). தனியார் பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) என்று தனி அலுவலர் இருக்கிறார். தவறான அலுவலகத்துக்குப் போனால் சரியான இடம் எது என்று சொல்லாமல், “இங்கே இல்லை” என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். சரியான இடத்துக்குப் போனாலும், “ஹெட்மாஸ்டரிடம் பேசிக்கொள்கிறோம், நீங்கள் போங்கள்” என்பார்கள். பேசுவதாகச் சொன்னதற்கு எந்தத் தடயமும் இருக்காது. மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள். முத்திரை தர மறுத்தால் அன்றைக்கே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) பதிவு செய்து அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். பதிவு எண் உள்ள மனுவுக்குத்தான் கீழே இருப்பவர்கள் பதில் எழுதுவார்கள். 14417 கல்வி உதவி எண்ணுக்குப் பேசலாம். ஆனால் பேசியதோடு நிறுத்திவிடாதீர்கள், போன் பேச்சு கோப்பில் ஏறாது.

மனு நீளமாக வேண்டாம். நடந்த தேதி, பள்ளி, வகுப்பு, யார் என்ன சொன்னார் என்று எழுதிவிட்டு இப்படி முடியுங்கள்: “என் மகள் காலை வணக்கக் கூட்டத்தில் மரியாதையுடன் எழுந்து நிற்கிறாள். உறுதிமொழி சொல்லாததற்காக அவளை வகுப்புக்கு அனுமதிக்க மறுப்பது பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 11.8.1986 அன்று அளித்த தீர்ப்புக்கு முரணானது. அவளை உடனே வகுப்பில் அனுமதிக்க உத்தரவிடவும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்.” எட்டாம் வகுப்புக்குள் என்றால், சிறுபான்மைப் பள்ளியாக இல்லாதபட்சத்தில், கல்வி உரிமைச் சட்டத்தின் 16, 17, 32 ஆகிய பிரிவுகளையும் சேருங்கள். 32-ஆவது பிரிவின்படி எழுத்துப் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ என்றால் கூடவே ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “உறுதிமொழி சொல்லாத மாணவர் மீது நடவடிக்கை எடுக்க அதிகாரமளிக்கும் அரசாணையின் நகல் தருக” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

டி.சி. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அதில் ஒழுக்கமும் பண்பும் என்ற இடத்தை முதலில் பாருங்கள். ‘நன்று’ தவிர வேறு எதுவும் எழுதியிருந்தால் அப்படியே விட்டுவிடாமல், திருத்திக் கேளுங்கள். பிறகு எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரங்களுக்கான இணையப் பதிவு. பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு, அவர்கள் மொழியில் காமன் பூலுக்கு, மாற்றாதவரை புதிய பள்ளியில் பெயர் ஏறாது. கோபத்தில் சில பள்ளிகள் டி.சி.யைக் கொடுத்துவிட்டு இதை மட்டும் இழுத்தடிக்கும். புதிய பள்ளி, “பழைய ஸ்கூலில் கேளுங்கள்” என்று சொல்லி வாரக்கணக்கில் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு டி.சி.யைத் தாமதிக்கும் தலைமையாசிரியர் மேல் நடவடிக்கை என்கிறது, டி.சி. வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கவும் கூடாது என்கிறது. கட்டணப் பாக்கியைச் சொல்லி டி.சி.யை நிறுத்தினால், டி.சி. வசூல் செய்யும் கருவி அல்ல என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள்.

டி.சி. வாங்காதவர்கள் மனு போட்டுவிட்டுப் பதிலுக்காகப் பிள்ளையை வீட்டில் வைக்கக் கூடாது. வீட்டில் இருந்தால் ‘தொடர் விடுப்பு’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள், பிறகு நீக்கியதற்கே சாட்சி இருக்காது. தினமும் சீருடையோடு அனுப்புங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் தேதி, நேரம், அனுப்பியவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முடிந்தால் அன்றன்றே தலைமையாசிரியருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்புங்கள்: “இன்று காலை என் மகளை வகுப்புக்கு அனுமதிக்கவில்லை.”