அடுத்த ஒலித்துணுக்கு எது?

“மெல்லிய கிட்டார், மழை பெய்யும் மாலை, சோகம் வேண்டாம்” என்று இசையமைக்கும் செயற்கை நுண்ணறிவிடம் டைப் செய்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு மெட்டு வந்து நிற்கிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

கணினி இசையமைப்பது புதிதல்ல. 1957-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லியோனார்ட் ஐசக்சனும் இல்லியாக் கணினியைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஒரு படைப்பை உருவாக்கினார்கள். கணினி குருட்டாம்போக்கில் சுரங்களை எடுக்கும். விதிக்குப் பொருந்தாததைத் தள்ளிவிடும். விதிகளை எழுதித் தந்தவர்கள் மனிதர்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவோ ஆயிரக்கணக்கான மணி நேர இசையைக் கேட்டுத் தானாகவே பழகிக்கொள்கிறது.

ஆனால் ஒலி என்பது மலையளவு தரவு. கணினிக்கு ஒலி என்பது அதன் அதிர்வை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்த எண்களின் வரிசை. சிடியில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். மூன்று நிமிடப் பாட்டுக்கு, ஸ்டீரியோவில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே 79 லட்சத்துக்கு மேல். இதை ஒவ்வொன்றாக ஊகித்துக்கொண்டு போனால், பாட்டின் தொடக்கம் சீக்கிரமே மறந்துபோகும்.

இதற்குக் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மெட்டா 2023-இல் வெளியிட்ட மியூசிக்ஜென் என்ற இசையமைக்கும் மென்பொருளைப் பாருங்கள். அது ஒரு நொடி ஒலியை 50 துணுக்குகளாக்கி, ஒவ்வொன்றையும் வெறும் நான்கு எண்களால் குறிக்கிறது. ஒவ்வோர் எண்ணும் 2,048 ஒலி வார்ப்புகள் கொண்ட பட்டியலில் ஒன்றைச் சுட்டும். முதல் எண் ஒலியை உத்தேசமாகச் சொல்லும். அதில் விட்டுப்போனதை இரண்டாவது எண் நிரப்பும், அதிலும் மிஞ்சியதை மூன்றாவது, அப்புறம் நான்காவது. மியூசிக்ஜென் கையாளும் ஒலியில் நொடிக்கு 32,000 எண்களாக இருந்தது 200-ஆகச் சுருங்கிவிடுகிறது!

சரி, இனி ஊகம். இதுவரை வந்த துணுக்குகளையும் நாம் டைப் செய்ததையும் பார்த்து, அடுத்து எது வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறது. எப்போதும் முதலிடத்தில் இருப்பதையே எடுத்தால் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே இடத்தில் சுற்றும். அதனால் கொஞ்சம் பகடையும் உருட்ட வேண்டும்.

மியூசிக்ஜென் பழகியது 30 நொடித் துண்டுகளில். ஒவ்வொரு கணமும் இனிமைதான். ஆனால் பல்லவியை விட்டு நெடுந்தூரம் போய், ஏங்க வைத்துத் திரும்பி வரும் அந்தச் சுகம் அதனிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒலியைப் பழகிய இயந்திரத்துக்குப் பிரிக்கவும் தெரியும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனன் 1970-களில் கேசட்டில் பதிந்த ஒரு பாட்டில் அவர் குரல் பியானோவுக்குள் அமுங்கிக் கிடந்தது. எது குரல், எது பியானோ என்று பழகிய மென்பொருள் குரலைத் தனியே எடுத்துக் கொடுத்தது. பீட்டில்ஸ் பாடலாக 2023-இல் அது வெளிவந்தபோது, அந்தக் குரலோடு குழுவின் பால் மக்கார்ட்னி பேஸ் கிட்டாரும் ரிங்கோ ஸ்டார் டிரம்ஸும் புதிதாக வாசித்திருந்தார்கள்.