போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்கலாமா? எதை, எப்படி என்று முதலில் கேளுங்கள்

கஞ்சாவையும் ஹெராயினையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், எந்த மருத்துவராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டு ஏற்பாடுகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். சட்டபூர்வமாக்கினால் உரிமம் பெற்ற கடையில் விற்பனை நடக்கும், அரசு வரி வாங்கும். குற்றநீக்கம் வேறு: விற்பவருக்குச் சிறைதான், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவரை மட்டும் குற்றவாளியாக்குவதில்லை.

போர்ச்சுகல் 2001-இல் செய்தது குற்றநீக்கம். பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவோடு (ஹெராயின் 1 கிராம், கஞ்சா இலை 25 கிராம்) பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டாம். மூன்று பேர் கொண்ட குழுவின் முன் வந்து உட்கார வேண்டும். எப்போதாவது எடுப்பவரா, அடிமையானவரா என்று விசாரித்து, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறார்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021-இல் குற்றநீக்கம் செய்தது. பிடிபட்டால் 100 டாலர் அபராதம். உதவி எண்ணை அழைத்தால் அதுவும் ரத்து. அழைத்தவர்கள் மிகச் சிலரே. சிகிச்சை மையங்களுக்குப் பணம் போய்ச் சேரவே தாமதமானது. அதே சமயத்தில் ஃபென்டனில் என்ற, ஹெராயின் வகையைச் சேர்ந்த செயற்கை போதைப்பொருள் பரவியது. 2024-இல் மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். சிகிச்சைக்கு இடம் தயாராக இல்லாமல் சட்டத்தை மட்டும் தளர்த்தினால் இதுதான் நடக்கும்.

குற்றநீக்கம் தீர்க்காத ஒன்று, பொட்டலத்துக்குள் இருக்கும் அளவு. ஃபென்டனில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமானது; பழக்கமில்லாத உடம்புக்கு 2 மில்லிகிராம்கூட எமனாகலாம். மாவோடு கையால் கலக்கும்போது அது ஒரே சீராகப் பரவாது. ஒரே பொட்டலத்தில் ஒருவர் பிழைப்பதும் இன்னொருவர் சாவதும் இதனால்தான்.

அளவைக் கட்டுப்படுத்த உரிமம் உதவும். 2018-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவில், தின்பண்டமாக விற்கும் ஒரு பாக்கெட்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி (கஞ்சாவில் போதையேற்றும் வேதிப்பொருள்) இருக்கக் கூடாது. அப்படியும் தவறு நடக்கிறது. சாப்பிட்ட கஞ்சா வேலை செய்ய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று இரண்டாவது துண்டை வாயில் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து தூக்குகின்றன. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை தின்றால் எழுப்ப முடியாத மயக்கம்கூட வரலாம். இளம் வயதில் தினமும் வீரியமான கஞ்சா எடுத்தால் மனச்சிதைவு அபாயம் கூடுகிறது. ஆகவே கஞ்சா விற்பனைக்கு அளவு வரம்பும் விளம்பரத் தடையும் கட்டாயம் வேண்டும். ஹெராயினைக் கடையில் விற்பதை ஏற்க முடியாது.

எந்தச் சட்டம் இருந்தாலும் ஒன்று மாறியே ஆக வேண்டும்: போலீஸுக்குப் பயந்து ஆம்புலன்ஸை அழைக்காமல் இருப்பது. ஆம்புலன்ஸை அழைத்தவரைக் கைது செய்யக் கூடாது. உதடு நீலமாகி, மூச்சு குறட்டைபோல இழுத்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் வகைப் போதை) அளவுமீறிப் போயிருக்கிறது என்று சந்தேகியுங்கள். உடனே அழையுங்கள். இந்தப் போதையை முறிக்கும் மருந்தான நலாக்சோன் ஸ்பிரேயை ஒரு மூக்குத் துளையில் முழுதாக அடியுங்கள். மூச்சு இல்லையென்றால் ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். 2-3 நிமிடத்தில் அசைவில்லை என்றால் மறு மூக்கில் இன்னொரு ஸ்பிரே. மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலாக்சோனின் பலம் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும். உள்ளே போன போதை அதைவிட நீடித்தால் மூச்சு மறுபடி நின்றுபோகலாம். எழுந்து பேசுகிறாரே என்று தனியே விட்டுவிடாதீர்கள்.