கிளெய்ம்: கோரிக்கையன்று, உரிமைக்கோரல்

திவாலான நிறுவனத்திடமிருந்து தமக்கு வர வேண்டிய நிலுவையைக் கேட்டுக் கடன் கொடுத்தவர் எழுத்து மூலம் அளிக்கும் விண்ணப்பத்தைப் பேச்சு வழக்கில் ‘கிளெய்ம்’ என்கிறோம். உரக்கக் கூவுதலைக் குறிக்கும் ‘கிளாமாரே’ என்னும் இலத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து, ‘இது எனக்குரியது’ என்று அறிவிப்பதைக் குறிக்கலாயிற்று.

இதைக் ‘கோரிக்கை’ என்று எழுதுவோர் உண்டு, அது பொருந்தாது. கோரிக்கை என்பது கேட்கப்படுபவரின் விருப்பத்தைப் பொறுத்து ஏற்கவோ மறுக்கவோ படுவது. இங்கோ, நொடித்த நிறுவனத்தின் சொத்துகளை விற்றுப் பகிரும் பொறுப்பேற்ற கலைப்பாளர், ஒப்பந்தம், விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு முதலிய சான்றுகளைச் சரிபார்த்து, கடனை முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அம்மறுப்பை எதிர்த்து நீதிமன்றத்தையும் நாடலாம். ஆகவே ‘உரிமைக்கோரல்’ என்பதே நேர்ச்சொல். அந்த உரிமையைச் சான்றுகளால் நிறுவும் செயலைக் ‘கடன் மெய்ப்பிப்பு’ எனலாம். குறித்த நாளுக்குள் மெய்ப்பிக்காதவர், உரிமை இருந்தும் பங்கீட்டில் விடுபட நேரும்.

கோருபவரை எப்படி அழைப்பது? ‘கடன்காரர்’ என்ற சொல் தமிழில் கொடுத்தவரையும் பட்டவரையும் ஒருங்கே குறிப்பதால் சட்ட எழுத்துக்கு ஆகாது. வணிகவியல் பாடநூல்கள் ‘கடனீந்தோர்’, ‘கடனாளிகள்’ எனப் பிரித்துக் காட்டுகின்றன. வறியவர்க்குக் கொடுப்பதையே ஈதல் என்று போற்றும் மொழியில், வட்டிக்குக் கொடுத்தவரை ‘ஈந்தோர்’ என்பது எனக்குச் சற்று நெருடுகிறது. ‘கடன் கொடுத்தோர்’ போதும். ஆனாலும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல்லோடு சண்டையிடப் போவதில்லை.

‘திவால்’ இந்தியின் ‘திவாலா’விலிருந்து வந்தது, அதற்கு ஈடாக ‘நொடிப்பு’ உள்ளது.

இறுதியில் கடன் கொடுத்தோருக்குக் கிடைக்கும் தொகையை ஆங்கிலச் சட்ட வழக்கில் ‘டிவிடெண்ட்’ என்பர். பங்குதாரர் பெறும் இலாபப் பங்குக்கும் அதே பெயர் என்பதால், சிலர் இங்கும் ‘பங்காதாயம்’ என எழுதிவிடுகின்றனர். நொடித்த இடத்தில் ஆதாயம் ஏது? மூல இலத்தீன் சொல்லுக்கு ‘வகுக்கப்பட வேண்டியது’ என்பதே பொருள். நம் கணக்குப் பாடத்திலும் வகுத்தால் வருவது ‘ஈவு’. எனவே ‘ஈவுத்தொகை’ இரண்டு இடத்துக்கும் பொருந்தும். கலைப்புச் செலவும் முன்னுரிமைக் கடன்களும் கழிந்தபின் 30 இலட்சம் எஞ்சி, பிணையற்ற கடன்களாக ஒப்புக்கொள்ளப்பட்டவை 100 இலட்சமாயின், 50,000 மெய்ப்பித்தவரின் ஈவுத்தொகை 15,000 ஆகும்.